84 வயதில் ஆபரேஷன் தேவையா?

எலும்பு, மூட்டு: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

மழைக்காலம் வந்தால் எனக்கு வரும் கடிதங்களும் மாறிவிடும். முழங்கால் வலியும் கழுத்து வலியும் பின்னே போய், ‘அம்மா வழுக்கி விழுந்துட்டாங்க’, ‘தாத்தா கொல்லைப்பக்கம் பாசியில் விழுந்துட்டார்’ என்பவை முன்னே வரும். இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே முறிவை, இடுப்பு முறிவைப் பற்றியவை என்பதால் முழுப் பக்கத்தையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: என் அம்மாவுக்கு 84 வயது. விடியற்காலையில் பாத்ரூம் போனவர் வாசலிலேயே சரிந்து விழுந்துவிட்டார். எக்ஸ்ரேயில் இடுப்பு மூட்டு அருகே தொடை எலும்பு உடைந்திருக்கிறது. பாதி மூட்டு மாற்று ஆபரேஷன் சீக்கிரம் செய்ய வேண்டும் என்கிறார் டாக்டர். அண்ணனோ, ‘இந்த வயசுல கத்தி வைக்க வேண்டாம், புத்தூர் கட்டு போட்டுப் பார்ப்போம்’ என்கிறார். அம்மாவுக்குச் சர்க்கரையும் பி.பி.யும் உண்டு. என்ன முடிவெடுப்பது?
(மகள், கும்பகோணம்)

பதில்: பத்திரிகை அச்சாகி வரும்வரை காத்திருக்கிற விஷயம் இல்லை இது. அதனால்தான் உங்கள் கடிதம் கிடைத்த அன்றே போனில் பேசினேன். இங்கே எழுதுவது, இதே நிலையில் மருத்துவமனை வராந்தாவில் நின்றுகொண்டிருக்கும் மற்ற மகள்களுக்கும் மகன்களுக்கும்.

தொடை எலும்பின் மேல்முனை உருண்டையாக இருக்கும். அதைப் பந்து என்றே சொல்வோம். அது இடுப்பெலும்பில் உள்ள கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. பந்தையும் தொடை எலும்பின் தண்டையும் இணைக்கும் குறுகலான பகுதிதான் கழுத்து. பந்துக்குப் போகும் ரத்தக் குழாய்களில் முக்கியமானவை இந்தக் கழுத்தை ஒட்டித்தான் மேலே ஏறுகின்றன. கழுத்து உடைந்து எலும்பு விலகிவிட்டால் அந்தக் குழாய்களும் அறுபடும். காம்பு ஒடிந்த பழத்தின் நிலைதான் அப்புறம் பந்துக்கு. ஸ்குரூ போட்டு ஒட்ட வைத்தாலும், வயதானவர்களில் நிறையப் பேருக்கு அது கூடுவதில்லை. கூடினாலும் சில மாதங்களில் பந்து செத்துப்போய் நொறுங்கலாம். அப்புறம் இரண்டாவது ஆபரேஷன். 84 வயதில் ஒருவரை இரண்டு முறை மேசையில் படுக்க வைக்கக் கூடாது என்பதால்தான், உடைந்த பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்தைப் பொருத்துகிறோம். கிண்ணத்தைத் தொடுவதில்லை. அதனால் இது பாதி மூட்டு மாற்று.

உங்கள் அண்ணன் சொல்வதை நான் அலட்சியமாகத் தள்ளவில்லை. அம்மாவை வலிக்க விடக் கூடாது என்ற பயத்தில்தான் சொல்கிறார். ஆனால் இந்த முறிவு மூட்டின் உறைக்குள்ளே, தசைகளுக்கு அடியில் ஆழத்தில் இருக்கிறது. வெளியே எந்தக் கட்டு போட்டாலும் அதை அசையாமல் பிடிக்காது. கட்டுப் போடுவது என்றால், உண்மையில் வாரக்கணக்கில் அம்மாவைப் படுக்கையில் போடுவதுதான். அதில் என்ன நடக்கும் என்பதை நான் வார்டில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். விரிப்பு மாற்றப் புரட்டும்போதெல்லாம் அலறுவார். அலறலுக்குப் பயந்து வீட்டார் புரட்டாமல் விடுவார்கள். பிட்டத்தில் படுக்கைப் புண் வரும். சளி கட்டி நிமோனியாவாகும். கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும். சிறுநீரில் கிருமி சேரும். பெட் பேன் வைக்கக் கூச்சப்பட்டுச் சாப்பாட்டையும் தண்ணீரையும் தானே குறைத்துக்கொள்வார். எங்கள் அம்மாக்கள் இதைச் சொல்லக்கூட மாட்டார்கள்.

ஆபரேஷன் முடிந்த மறுநாளே அம்மாவைக் கட்டிலிலிருந்து இறக்கி, வாக்கரைப் பிடித்து நிற்க வைக்க வேண்டும். இதற்காகத்தான் ஆபரேஷனே. புதிய பந்து முதல் நாளிலிருந்தே உடம்பின் எடையைத் தாங்கும். எலும்பு கூடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

வயதை மட்டும் காரணம் காட்டி யாரும் மறுக்க வேண்டாம். இங்கிலாந்து ராணி எலிசபெத்தின் தாயார் 1998 ஜனவரியில் கீழே விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டபோது அவருக்கு வயது 97. ஆபரேஷன் செய்தார்கள். 101 வயது வரை வாழ்ந்தார். அரச குடும்பத்துக்குக் கிடைக்கும் கவனிப்பு எல்லோருக்கும் கிடைக்காதுதான். ஆனால் 97 வயது உடம்பு அந்த ஆபரேஷனைத் தாங்கியது என்பது உண்மை.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். இடுப்பு முறிவு வந்த முதியவர்களில் நூற்றுக்கு 20 முதல் 30 பேர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார்கள் என்பது பல நாட்டுக் கணக்குகளில் திரும்பத் திரும்ப வரும் செய்தி. பலருக்கு ஏற்கெனவே இதயமோ நுரையீரலோ சிறுநீரகமோ பலவீனமாக இருக்கும். முறிவு அதை வெளியே கொண்டுவந்துவிடும். கையெழுத்துப் போடும்போது இந்த எண்ணை உங்களுக்குச் சொல்லாத டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். படுக்கையிலேயே விட்டால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

அடுத்தது நேரம். பிரிட்டனில் 36 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் நடக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். 17 நாடுகளில் 2,970 பேரிடம் நடந்து 2020-ல் வெளியான ஓர் ஆய்வில், சுமார் 6 மணி நேரத்தில் ஆபரேஷன் ஆனவர்களையும் 24 மணி நேரத்தில் ஆனவர்களையும் ஒப்பிட்டார்கள். இறப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் சீக்கிரம் முடித்தவர்களுக்கு மனக்குழப்பம் குறைந்தது. சீக்கிரம் எழுந்து நின்றார்கள். இதிலிருந்து, ஒரு ராத்திரி தாமதமானால் பதற வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நம் ஊரில் தாமதம் ஒரு ராத்திரியில் நிற்பதில்லை. துபாயிலிருந்து மகன் வரட்டும், அஷ்டமி நவமி போகட்டும், இன்னொரு டாக்டரிடம் எக்ஸ்ரேயைக் காட்டலாம் என்று ஒரு வாரம் ஓடிவிடும். மகன் வந்து அம்மா நடப்பதைப் பார்க்கட்டுமே. சர்க்கரை, பி.பி. எண்கள் அச்சு அசலாகச் சரியாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. மயக்க மருத்துவர் இன்சுலினை வைத்துச் சமாளித்துவிடுவார்.

ஆபரேஷனுக்கு முன் இருக்கும் அந்த ஒரு நாளிலும் வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். தொடையின் மேல்பகுதியில் நரம்பை மரத்துப்போக வைக்கும் ஊசி ஒன்று உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் இதே மாதிரி முறிவுதான். அவருக்கு ராடு வைத்து எலும்பைச் சேர்த்தார்கள். என் மாமியாருக்கு மட்டும் பந்தையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். செலவு அதிகம் என்பதால் சந்தேகமாக இருக்கிறது.
(மருமகள், தேனி)

பதில்: இரண்டு பேருக்கும் ‘இடுப்பு முறிவு’ என்று சொல்லியிருப்பார்கள், ஆனால் இடம் வேறு. பக்கத்து வீட்டுப் பாட்டிக்குக் கழுத்துக்குக் கீழே, எலும்பு அகலமாகிற இடத்தில் உடைந்திருக்கும். அங்கே ரத்த ஓட்டம் நன்றாக உண்டு. ராடோ பிளேட்டோ வைத்தால் கூடிவிடும். கழுத்தில் உடைந்தாலும் விலகாமல் அப்படியே இருந்தால் ஸ்குரூ போதும். எக்ஸ்ரேயைக் கையில் வாங்கி, ‘எந்த இடத்தில் உடைந்திருக்கிறது, விலகியிருக்கிறதா?’ என்று கேளுங்கள்.

செலவு பற்றி ஒன்று. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்த ஆபரேஷன் வழக்கமாக நடக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அட்மிஷன் அன்றே காட்டிவிடுங்கள். டிஸ்சார்ஜ் நேரத்தில் எடுத்து நீட்டிப் பயனில்லை.

கேள்வி: அப்பாவுக்கு 79 வயது. ஸ்டென்ட் வைத்து குளோபிடோகிரல், ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். ரத்தம் நீர்த்திருக்கும், மாத்திரையை நிறுத்தி ஏழு நாள் கழித்துத்தான் ஆபரேஷன் என்றார்கள். காத்திருப்பது சரியா?
(மகன், நாகர்கோவில்)

பதில்: ஏழு நாள் கணக்கு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் போடும் ஊசிக்கானது. முதுகுத்தண்டு அருகே ரத்தம் கசியக் கூடாது என்பதற்காக மயக்க மருத்துவர்கள் அதைக் கடைப்பிடிக்கிறார்கள். முழு மயக்கம் கொடுத்துச் செய்தால் குளோபிடோகிரலுக்காக ஒரு வாரம் படுக்க வைக்க வேண்டியதில்லை. ரத்தம் கொஞ்சம் கூடுதலாகப் போகலாம், அதற்கு ஏற்பாடு செய்துகொள்வார்கள். முழு மயக்கம் என்றால் பயப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல்: 1,600 இடுப்பு முறிவு நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2021-ல் வந்தது. முதுகு ஊசி, முழு மயக்கம் இரண்டிலும் 60 நாள் கழித்து நடப்பவர்களின் கணக்கும் இறந்தவர்களின் கணக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஸ்டென்ட் வைத்தவர் வீட்டிலேயே தன்னிச்சையாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. இதய மருத்துவரும் மயக்க மருத்துவரும் ஒருவரோடு ஒருவர் பேசட்டும். பேச வைப்பது உங்கள் வேலை. இரண்டு அறைகளுக்கும் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைவது உங்கள் வேலை அல்ல. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், அபிக்ஸபான் போன்ற வேறு வகை மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்குக் கணக்கு வேறு. அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பாதி மூட்டு மாற்றுக்கு வைக்கும் உலோகப் பந்தில் ‘ஆஸ்டின் மூர்’ பழைய மாடல், ‘பைபோலார்’தான் நல்லது என்று சொல்லி விலை கூட்டிச் சொல்கிறார்கள். சிமெண்ட் வைத்தது, வைக்காதது என்று வேறு கேட்கிறார்கள். நாங்கள் என்ன சொல்வது?
(பேரன், ராணிப்பேட்டை)

பதில்: தம்பி, இந்தக் கேள்வியை உங்களிடம் கேட்பதே நியாயமில்லை. என்றாலும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆஸ்டின் மூர் என்பவர் அமெரிக்காவின் தென் கரோலினாவில் இருந்த எலும்பு மருத்துவர். 1940-ல் ஹெரால்ட் போல்மன் என்பவரோடு சேர்ந்து உலோகத்தால் ஆன தொடை எலும்பு மேல்முனையை ஒருவருக்குப் பொருத்தினார். 1950-களில் அவர் வடிவமைத்த, எலும்புக்குள் இறங்கும் உலோகத் தண்டில் ஜன்னல் போன்ற துளைகள் வைத்த மாடல்தான் இன்றும் அவர் பெயரில் கிடைக்கிறது. சிமெண்ட் இல்லாமல் எலும்புக்குள் இறுக்கி இறக்குவது. பைபோலாரில் ஒரு பந்துக்குள் இன்னொரு சிறிய பந்து சுழலும். உள்ளே சுழன்றால் கிண்ணம் தேயாது என்பது எண்ணம். வீட்டுக்குள் நடமாடும் 80 வயதுக்காரருக்கு இரண்டுக்கும் நடையில் பெரிய வித்தியாசத்தை ஆய்வுகள் காட்டவில்லை. எனவே பைபோலாருக்காகக் கடன் வாங்காதீர்கள்.

நான் வற்புறுத்துவது சிமெண்டைத்தான். வீடு கட்டும் சிமெண்ட் இல்லை. உலோகத் தண்டை எலும்புக்குள் பிடித்து நிறுத்தும் அக்ரிலிக் வகைப் பொருள், பொடியும் திரவமும் கலந்தால் சில நிமிடங்களில் இறுகிவிடும். பிரிட்டனில் 1,225 பேரிடம் நடந்து 2022-ல் வெளியான ஆய்வில், சிமெண்ட் வைத்தவர்களின் வாழ்க்கைத் தரம் மேலாக இருந்தது. தண்டைச் சுற்றி எலும்பு மறுபடி உடைவது சிமெண்ட் வைத்தவர்களில் நூற்றுக்கு 0.5, நவீன சிமெண்ட் இல்லாத தண்டு வைத்தவர்களில் 2.1. எலும்பு மெலிந்த பாட்டிக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை. சிமெண்ட் வைக்கும் நிமிடங்களில் சிலருக்கு பி.பி. இறங்கும். நுரையீரல், இதயம் மிகவும் மோசமாக இருப்பவருக்கு அதனாலேயே டாக்டர் சிமெண்டைத் தவிர்க்கலாம். அது பணத்துக்காக எடுத்த முடிவு ஆகாது.

கேள்வி: எனக்கு 68 வயது. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். தினமும் ஐந்து கிலோமீட்டர் நடப்பேன், தோட்ட வேலையும் உண்டு. சைக்கிளிலிருந்து விழுந்து தொடை எலும்பின் கழுத்தில் முறிவு. எனக்கும் பாதிதானா, முழு மூட்டா?
(வாசகர், பொள்ளாச்சி)

பதில்: உங்களுக்கு முழு மூட்டு மாற்று பற்றித் தாராளமாகப் பேசலாம், ஐயா. பாதி மாற்றில் உலோகப் பந்து உங்கள் சொந்தக் குருத்தெலும்பின்மேல் உரசுகிறது. ஐந்து கிலோமீட்டர் நடப்பவருக்கு வருடங்கள் போகப் போகக் கிண்ணம் தேய்ந்து இடுப்புக் கவட்டையில் வலி வரலாம். அதே சமயம் முழு மூட்டு என்றால் எல்லாமே சிறப்பு என்றும் இல்லை. 50 வயதுக்கு மேற்பட்ட சுமார் 1,500 பேரிடம் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், இரண்டு வருடத்துக்குள் மறு ஆபரேஷன் தேவைப்பட்டவர்கள் பாதி, முழு இரண்டு வகையிலும் நூற்றுக்கு 8 பேர் அளவில்தான். முழு மூட்டில் நடை சற்று மேல். மூட்டு நழுவுவது சற்று அதிகம். உங்கள் நடையும் தோட்டமும் அந்தச் ‘சற்று மேல்’ என்பதற்கு மதிப்புக் கொடுக்கின்றன. அடிக்கடி முழு மூட்டு செய்து கை பழகிய டாக்டர் இருக்கும் இடமாகப் பாருங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு ஆபரேஷன் நன்றாக முடிந்தது. ஆனால் அன்று ராத்திரியிலிருந்து செத்துப்போன பெரியப்பாவோடு பேசுகிறார். டியூபைப் பிடுங்குகிறார். அம்மாவைப் பார்த்து ‘நீ யார்?’ என்று கேட்டுவிட்டார். அம்மா அழுதுகொண்டே இருக்கிறார். மூளை போய்விட்டதா?
(மகள், சேலம்)

பதில்: இல்லை. முதலில் இதை அம்மாவிடம் வாசித்துக் காட்டுங்கள். இடுப்பு முறிவுக்குப் பின் முதியவர்களுக்கு வரும் இந்தக் குழப்பம் மிகவும் சகஜம். டெலிரியம் என்போம். பேய் பிடித்ததும் இல்லை, பைத்தியமும் இல்லை. வலி, தூக்கமின்மை, உப்புச் சத்துக் குறைவு, கிருமித் தொற்று, மலச்சிக்கல், சிறுநீர் கட்டிக்கொள்வது, சில தூக்க மாத்திரைகள் என்று ஏதோ ஒன்றோ பலவோ சேர்ந்து மூளையைத் தற்காலிகமாகக் கலக்குகின்றன. பலருக்குச் சில நாட்களில் தெளிந்துவிடும். சிலருக்கு வாரங்கள் ஆகும். ‘வயசானா அப்படித்தான்’ என்று விடாமல் காரணத்தைத் தேடச் சொல்லுங்கள்: சோடியம் பார்த்தார்களா, சிறுநீர் சரியாகப் போகிறதா, வலிக்கு என்ன கொடுக்கிறார்கள்.

மருந்தைவிட வீட்டு மனிதர்கள்தான் இதில் அதிகம் செய்ய முடியும். மூக்குக் கண்ணாடியையும் காது மெஷினையும் பல் செட்டையும் பத்திரமாகப் பையில் வைத்திருப்பீர்கள், எடுத்து மாட்டிவிடுங்கள். கண் தெரியாமல் காது கேட்காமல் புது இடத்தில் படுத்திருந்தால் யாருக்குத்தான் குழம்பாது? பகலில் ஜன்னலைத் திறந்து வெளிச்சம் விடுங்கள், நாற்காலியில் உட்கார வையுங்கள். ராத்திரி, பழகிய ஒருவர் மட்டும் பக்கத்தில் இருக்கட்டும். பெரியப்பாவோடு பேசினால், ‘அவர் செத்துட்டாருப்பா’ என்று வாதாட வேண்டாம். ‘நான் உங்க மக, சேலத்துல ஆஸ்பத்திரியில இருக்கோம், காலுக்கு வைத்தியம் பார்த்தாச்சு’ என்று மெதுவாகத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். கையைக் கட்டிப்போடுவது குழப்பத்தைக் கூட்டும். யாராவது கட்ட வந்தால், நாங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறோம் என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஆபரேஷன் ஆகி ஒரு மாதம். தரையில் சம்மணம் போட்டு உட்காரலாமா? எங்கள் வீட்டில் வெஸ்டர்ன் கிடையாது.
(வாசகி, அறந்தாங்கி)

பதில்: சம்மணமும் குந்துவதும் வேண்டாம். முக்கியமாக முதல் மூன்று மாதம் காலைக் குறுக்கே போடாதீர்கள், தாழ்வான இருக்கையில் உட்காராதீர்கள், குனிந்து தரையில் கிடப்பதை எடுக்காதீர்கள். மூட்டைப் பின்பக்கமாகத் திறந்திருந்தால் இந்தக் கட்டுப்பாடு இன்னும் கண்டிப்பானது. எந்தப் பக்கம் திறந்தார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இந்தியன் கழிப்பறையின் மேலேயே வைத்துக்கொள்ள நடுவில் ஓட்டை போட்ட கமோடு நாற்காலி மருந்துக் கடைகளிலும் சர்ஜிகல் கடைகளிலும் கிடைக்கும். நாலு காலிலும் ரப்பர் புஷ் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: ஆச்சிக்கு 93. மறதி நோய் முற்றி ஒரு வருடமாகப் படுக்கைதான். கட்டிலிலிருந்து விழுந்து தொடை எலும்பின் கழுத்தில் முறிவு. ஆபரேஷன் வேண்டாம் என்று சொன்னால் நாங்கள் கைவிட்டதாக ஆகுமா?
(பேத்தி, காரைக்குடி)

பதில்: ஆகாது, அம்மா. மேலே எல்லோரிடமும் சீக்கிரம் செய்யுங்கள் என்று சொன்ன நான் இங்கே நின்று யோசிக்கச் சொல்கிறேன். நடக்க வைப்பதற்கான ஆபரேஷன் இது. ஆச்சி முறிவுக்கு முன்பே நடக்கவில்லை. இப்போது இரண்டு வழிகள் உண்டு. வலியைக் குறைத்து, சுத்தம் செய்யப் புரட்டுவதைச் சுலபமாக்குவதற்காக மட்டும் ஆபரேஷன் செய்யலாம். அல்லது ஆபரேஷன் இல்லாமல், வலியைத் தீர்மானமாக அடக்கும் மருந்து, நரம்பு ஊசி, காற்று மெத்தை என்று பார்த்துக்கொள்ளலாம். எது என்று தீர்மானிக்க, ஆச்சி தெளிவாக இருந்த காலத்தில் என்ன சொல்லியிருப்பார் என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். எந்த வழியானாலும் வலிக்கு மருந்து முழுமையாக வேண்டும். மார்ஃபின் என்ற பெயருக்குப் பயப்படாதீர்கள். வலித் தணிப்பு மருத்துவம் பார்க்கும் பிரிவு அருகில் இருந்தால் வீட்டுக்கே வருவார்களா என்று கேளுங்கள்.

கேள்வி: அம்மா இப்போது வாக்கரில் நன்றாக நடக்கிறார். கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அது போதுமா?
(மகன், விருதுநகர்)

பதில்: போதாது. எனக்கு மிகவும் வருத்தம் தரும் இடம் இது. நின்ற நிலையிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்தால் அதற்கு எலும்புப்புரை என்று பொருள். உடைந்த பக்கத்தைச் சரி செய்து அனுப்பிவிடுகிறோம். மற்றப் பக்கத்தில் அதே மெலிந்த எலும்பு இருக்கிறது. அந்தப் பக்கமும் உடைந்து திரும்பி வருகிறவர்களின் டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்த்தால் பெரும்பாலும் கால்சியம் மட்டும்தான் இருக்கும்.

ஜோலெட்ரோனிக் ஆசிட் என்று வருடத்துக்கு ஒரு முறை டிரிப்ஸில் ஏற்றும் மருந்து உண்டு. இடுப்பு முறிவு ஆபரேஷன் முடிந்த 90 நாளுக்குள் 2,127 பேரைச் சேர்த்து, அந்த மருந்து பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2007-ல் வந்தது. மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 8.6 பேருக்குப் புது முறிவு, பெறாதவர்களில் 13.9. இறப்பும் 13.3-லிருந்து 9.6 ஆகக் குறைந்தது. போடும் முன் சிறுநீரகத்தின் நிலையும் வைட்டமின் டி அளவும் பார்க்க வேண்டும், பல் பிடுங்கும் வேலை இருந்தால் முதலில் முடித்துவிட வேண்டும். முதல் முறை ஏற்றிய பின் இரண்டொரு நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம், பாராசிட்டமால் கேட்கும். சிறுநீரகம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் டெனோசுமாப் ஊசி இருக்கிறது. அதைத் தொடங்கினால் தேதி தவற விடக் கூடாது. இடையில் நிறுத்தினால் முதுகெலும்புகள் நொறுங்கும் அபாயம் உண்டு.

அப்புறம், அம்மா ஏன் விழுந்தார் என்று யாராவது கேட்டார்களா? படுத்து எழுந்ததும் பி.பி. இறங்குகிறதா, ராத்திரி நேரத்தில் நீர் பிரியும் மாத்திரை கொடுக்கிறீர்களா, தூக்க மாத்திரை உண்டா, கண்புரை பார்த்தாயிற்றா. அடுத்த ரிவ்யூவுக்கு எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். நடை எப்படி என்பதோடு, எலும்புப்புரைக்கு எந்த மருந்து, எந்தத் தேதியில் என்பதையும் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.